இப்ப என்ன ஓடுது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை 5.45க்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 24 விநாடிக் குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது. முதலில் கடை ஷட்டர் தூக்குகிற கடகடச் சத்தம். அப்புறம் காலைத் தொண்டையின் கரகரப்போடு ஒரு முணுமுணுப்பு. கடைசியாக, "மாப்ள, நாலு நாளா இதேதான் ஓடிக்கிட்டு இருக்கு. குழல் முடிஞ்சு வயலின் ஏறுற எடம். எதுன்னு சொல்லு, பாப்போம்." அவ்வளவுதான்.

அனுப்பியவன் கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். குழுவில் மொத்தம் நாலு பேர். ஒருவர் மயிலாப்பூரில் குடியிருக்கும் சார். மஸ்கட்டில் நான் 8 வருஷம் கணக்கு எழுதிய கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர். ஓய்வு பெற்று 10 வருஷம் ஆகியும் எனக்கு இன்னும் சார்தான். இன்னொருவர் யாழ்ப்பாணத்து அண்ணை. மஸ்கட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தார், இப்போது டொரன்டோ. இந்த இருவரும் இரும்புக்கடைக்காரனை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் அவன் எந்த மாதம் எந்தப் பாட்டில் சிக்கிக்கொண்டு கிடந்தான் என்று கேட்டால் இரண்டு பேரும் பிசகில்லாமல் சொல்வார்கள்.

குழுவின் பெயர் "இப்ப என்ன ஓடுது?". 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் ஆரம்பித்தோம். முதல் 2 மாதம் கூத்துதான். காலையில் எழுந்து பார்த்தால் நீல எழுத்தில் வரிசையாக யூடியூப் லிங்க். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தன. பாட்டுக்கு 5 நிமிஷம் என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேலே ஆகும். யாரும் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்ட மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை சார் அனுப்பிய லிங்க்கில் வீடியோவே இல்லை, யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதற்கும் மூன்று சிவப்பு இதயம் விழுந்திருந்தது. அதில் ஒன்று என்னுடையது.

சார் கோபப்படுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை ஒரே ஒரு செய்தி போட்டார்: "இனிமே லிங்க் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாட்டு. அதுலயும் எந்த இடம்னு சொல்லணும்." அன்றைக்கு விழுந்த சட்டம் இன்றுவரை நிற்கிறது. தேடிக் கேட்கிறவன் கேட்கட்டும், முடியாதவன் "இந்த வாரம் கேக்கல" என்று எழுதிவிடலாம். பொய் இதயம் கிடையாது.

இந்த 'இடம்' என்கிற சொல்லை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பாட்டு கேட்கிற எந்தத் தமிழனோடும் 10 நிமிஷம் பேசினால் அது வந்துவிடும். "அந்த எடம் வரும் பாரு" என்பான். கச்சேரி கேட்டுவிட்டு சபா கேன்டீனில் காப்பி ஆற்றுகிற மாமா, "அந்த இடத்துல நின்னாரே, பாத்தீங்களா?" என்று கேட்பார். சினிமாப் பாட்டென்றால் "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற மியூசிக்கு" என்று ஒருத்தன் தொடங்குவான். அவன் சொல்லி முடிக்கும் முன்னே எதிரில் இருப்பவன் தலையை ஆட்ட ஆரம்பித்திருப்பான். பாட்டைத் தெரு மாதிரி நினைத்துப் பேசுகிறோம். உள்ளே நடந்து போனால் மூன்றாவது திருப்பத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் நில் என்று வழி சொல்வதைப் போல.

என் அப்பாவுக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை. (எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். குச்சி அடுக்கப் போகிற பெண்களும் "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள்.) நாகசுரக்காரர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1964இல் அவர் போய்ச் சேர்ந்தபோது 45 வயதுகூட ஆகவில்லை. அப்பா அதற்கு முன்னால் அவர் வாசிப்பை நேரில் கேட்ட தலைமுறை. சாமி புறப்பாட்டின்போது நாகசுரத்துக்கு ஐந்தாறு அடி தள்ளி, கூட்டத்தோடு பின்னாலேயே நடந்துபோய்க் கேட்பார்களாம். உட்கார்ந்து கேட்கிற வழக்கமே கிடையாது. ஏதாவது ஒரு பிடி பிடித்தால் பக்கத்தில் நடக்கிற, பேர்கூடத் தெரியாத ஆளைத் திரும்பிப் பார்ப்பார்களாம். அவனும் அதே நேரத்தில் இவரைத் திரும்பிப் பார்த்திருப்பான். "அதுக்கு மேல பேச என்ன இருக்கு?" என்பார் அப்பா.

1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யின் 'சிங்காரவேலனே தேவா' எங்கள் வீட்டு ரேடியோவில் வந்தால் வீடு அப்படியே நின்றுபோகும். ஜானகி அம்மா பாட, காருகுறிச்சி வாசித்த பாட்டு. ஆபேரி ராகம் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். குரலும் நாகசுரமும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு சுரம் போகிற இடம் வரும்போது அப்பா ஒரு விரலைத் தூக்குவார். அம்மா தாளிப்பதை நிறுத்த வேண்டும், நான் புத்தகத்தை மூட வேண்டும். அந்த இடம் முடிந்ததும் விரல் இறங்கும், தாளிப்பு தொடரும். ஒருமுறை சொன்னார்: "இந்த எடத்துல அவரு நம்ம தெருமுனை வரைக்கும் வந்துருதாரு, பாத்துக்கோ." அந்த விரலைத் தவிர என் அப்பா எனக்கு இசை பற்றிக் கற்றுத் தந்தது ஒன்றுமில்லை. அது போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது.

சிலோன் ரேடியோ வேறு கதை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று அவர்கள் முழுப்பெயர் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் அது சிலோன் ரேடியோதான். கடலோர மாவட்டங்களில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாக எடுக்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', அப்புறம் நேயர் விருப்பம். கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகத்துக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் அச்சடித்த மாதிரியான உச்சரிப்புக்கும் தெருவில் தனித்தனிக் கட்சி உண்டு. பாட்டு கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் மடமடவென்று வாசிப்பார்கள். என் அத்தை விடாமல் எழுதிப்போடுவாள். அவளுக்குப் பாட்டைவிடத் தன் பெயரைக் கேட்பதுதான் முக்கியம் என்று சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் பெயர் வந்தேவிட்டது. அத்தை சிரிக்கக்கூட இல்லை. தெரு பூராவும் ரேடியோ; தான் இப்போது எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதே என்கிற வெட்கம் அது என்று இப்போது தோன்றுகிறது. அது ஒரு காதல் பாட்டு வேறு.

இதை மஸ்கட்டில் அண்ணையிடம் சொன்னபோது அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "கோவில்பட்டியோ? தம்பி, உங்கட ஊர் எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். நேயர் விருப்பத்தில ஒவ்வொரு நாளும் சொல்லுவினமே! கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம்... எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடெண்டுதான் நினைச்சிருந்தனான்." அந்த ஊர்களை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்பது மட்டும் தெரியும். எங்கள் நட்பு அந்த மாலையில் ஆரம்பித்தது. என் அத்தை பெயரை அவர் கேட்டிருக்க வாய்ப்புண்டு என்று இன்றைக்கும் எனக்கு ஓர் ஆசை.

கேசட் காலத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நடராஜ் பென்சிலை விட்டு டேப் சுற்றிய கதையை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று கேசட்டும் ஒரு பேப்பரில் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கடைக்கார அண்ணாச்சி அந்தப் பட்டியலை மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தமாகப் படிப்பார். மூன்று சோகப்பாட்டு தொடர்ந்து வந்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னடே, யாரு அந்தப் புள்ள?" என்பார். நமக்கு இப்போது என்ன ஓடுகிறது என்பதை அந்தக் கடையில் மறைக்கவே முடியாது.

60 நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஆறு பாட்டு போட்டால் கடைசியில் இரண்டு நிமிஷம் சொச்சம் மிஞ்சும். அதை வெறுமனே விட அண்ணாச்சிக்கு மனசு வராது. தனக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். டேப் தீர்கிற இடத்தில் அது அறுந்துபோகும். அப்படித்தான் ஒரு கேசட்டின் முதல் பக்கக் கடைசியில், ஆள் குரலே இல்லாமல் வயலின்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகிற ஏதோ ஒன்று எனக்குக் கிடைத்தது. கேட்டால் தியாகராஜர் மாதிரியும் இருந்தது, சர்ச் மாதிரியும் இருந்தது. பட்டியலில் இல்லை, அட்டையில் பெயரும் எழுதவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பெயர் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். அது இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பு, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாகச் செய்தது, முதல் வயலின் வி.எஸ். நரசிம்மன் என்பதெல்லாம் பிறகு ஒருநாள் கடை அலமாரியில் ஒரிஜினல் கேசட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெயர் தெரிந்த நாளில் சிரிப்புதான் வந்தது. இன்றும் முழு இசையைக் கேட்டால் அண்ணாச்சி அறுத்த இடத்தில் என் காது ஒரு நொடி நின்று, பிறகுதான் மேலே போகும்.

கேசட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. அது நிறுத்திய இடத்திலேயே நிற்கும். இரும்புக்கடைக்காரனிடம் (அப்போது அவன் அப்பாவின் கடை) கேசட் இரவல் வாங்கி வந்து பிளேயரில் போட்டால், அவன் எங்கே அமுக்கி நிறுத்தினானோ அங்கிருந்து ஓடும். நடுச்சரணத்தில் நிறுத்தியிருந்தால் வீட்டில் ஏதோ சண்டை. பாட்டு தொடங்கும் இடத்துக்குச் சரியாகச் சுற்றி வைத்திருந்தால் எனக்காகத்தான் வைத்திருக்கிறான். அது தவிர, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டால் அந்தத் துண்டு டேப் தேய்ந்துபோய், அங்கே மட்டும் சத்தம் மங்கி, லேசாக நடுங்கும். அவன் கேசட்டில் பாட்டு எங்கே நடுங்குகிறதோ அதுதான் அவன் இடம். கேட்கவே வேண்டியதில்லை. சில நடுக்கங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. முரட்டுப் பயல், ஆனால் அவன் தேய்த்து வைத்திருந்தது தாலாட்டுப் பாட்டு ஒன்றில் பல்லவி திரும்பி வருகிற இடத்தை.

அதன் பிறகு எம்பி3 சிடி வந்தது. 700 எம்பியில் 150 பாட்டு. பர்மா பஜாரிலிருந்து அடுக்கடுக்காக வாங்கி வந்தேன். எதுவும் தேயவில்லை. அந்த ஏழெட்டு வருஷத்தில் நண்பர்களோடு பாட்டு பற்றி என்ன பேசினேன் என்று யோசித்தால் "உன்கிட்ட எத்தனை ஜிபி இருக்கு?" என்பதுதான் ஞாபகம் வருகிறது.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததும் என் மகள் என் கைபேசியில் போட்டுக்கொடுத்தாள். நாம் கேட்டதையெல்லாம் அதுவே குறித்துக்கொண்டு, டிசம்பரில் வருஷக் கணக்கை நீட்டுகிறது. சிறுபிள்ளைகள் அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டுகிறார்கள். ஒரு வருஷம் எனக்கு முதலிடத்தில் வந்தது மழைச் சத்தம். தூக்கம் வருவதற்காக ராத்திரி முழுக்க ஓடவிட்டது. 54 வயது ரசிகனின் வருஷத்துச் சாதனை, தகரக் கூரையில் விழுகிற மழை. குழுவில் போட்டேன். "ராகம் என்ன?" என்று சார் கேட்டார். அமிர்தவர்ஷினியாக இருக்கும் என்று எழுதினேன். மழை ராகம் அல்லவா.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். 'இப்ப என்ன ஓடுது?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது லேசில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கேட்டால் கை தன்னால் மேல் அலமாரிக்குப் போகிறது. நானே செய்திருக்கிறேன். சார் கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனின் பக்தர். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்திராவில் இருந்தவர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல், ஊரே ஓடும்போது தான் மட்டும் நடக்கிறவர் என்று சார் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு வாரம் அவரைக் குளிர்விக்க நானும், "எம்.டி.ஆர். ஓடுது சார், சஹானா" என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்த வாரம் முழுக்க எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு குத்துப்பாட்டு. டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு நாலு நாளாக விடவில்லை. சார் விடவில்லை. "எந்த இடம்?" என்றார். மாட்டிக்கொண்டேன். கடைசியில் உண்மையைச் சொல்லி, குத்துப்பாட்டில் எந்த இடம் என்பதையும் சொன்னேன். "அந்தத் தவில் வர்ற இடம்தானே? நல்ல இடம்தான்" என்று எழுதியிருந்தார். மனிதர் அதையும் கேட்டிருக்கிறார்!

அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒருநாள், திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் வருகையில், நிஜமாகவே எம்.டி.ஆரைப் போட்டேன். விருதுநகர் தாண்டியிருக்கும். ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு ஆள் நின்றுவிட்டார். தம்பூரா மட்டும் இழைகிறது. நெட் போய்விட்டது என்று நினைத்துக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நெட் இருந்தது. சார்ஜும் இருந்தது. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விட்ட இடத்திலிருந்து மிச்சச் சொல்லை எடுத்துவந்து மெதுவாகப் பக்கத்தில் வைத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்போதே, நடுராத்திரி என்றுகூடப் பார்க்காமல் சாருக்கு எழுதினேன்: "சார், பாடாத இடம்." உடனே நீலக்குறி விழுந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை. பதில் எழுதவும் இல்லை.

2025 ஜனவரி 9ஆம் தேதி பாடகர் ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார் என்று செய்தி வந்த சாயங்காலம் இரும்புக்கடைக்காரன் குழுவில் ஒரே ஒரு சொல் எழுதினான்: "உன்ன". எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் 'ராசாத்தி உன்ன', 1984. அவர் 'உன்னை' என்று பாடவில்லை, 'உன்ன' என்றுதான் பாடினார். இரிஞ்ஞாலக்குடாவில் வளர்ந்த மலையாளி, எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்கிற மாதிரி அந்த 'ன்ன'வில் ஒரு சாய்வு கொடுத்தார். அண்ணை மறுநாள் காலை எழுதினார்: "பத்துத் தரம் கேட்டன் தம்பி. அந்தச் சொல்லில ஒரு கிலோ பாரம் இருக்கு." இரும்புக்கடைக்காரனுக்கு அந்த ஒப்பீடு பிடித்துப்போய்விட்டது. எடை போடுகிறவன் அல்லவா.

அண்ணையின் கதை வேறு மாதிரி. அவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்து அளவெட்டி. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில்தான் அவருக்குச் சாமி. இங்கிருந்து போன நாகசுரக்காரர்களுக்கெல்லாம் வாசித்தவர், இங்கே வந்தும் வாசித்தவர். பழைய கோயில் பதிவுகள், இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் கலந்து கிடப்பவை, அவரிடம் நிறைய உண்டு. வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, தவிலின் தனி ஆவர்த்தனம் முடியும்வரை இறங்க மாட்டாராம். அண்ணி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, போன் போடாமல் விளக்கை மட்டும் இரண்டு தரம் அணைத்து ஏற்றுவாராம். அவர் சொல்கிற இடங்கள் எங்களுக்குப் புரிவதே இல்லை. "அந்த மூன்றாவது அடிக்குப் பிறகு விடுகிறார் பாருங்கோ" என்பார். நான் எண்ணுவேன், தப்பிவிடும். ஆனால் பின்னால் ஒரு கிழவர் "ஆ!" என்று கத்துகிறார், பதிவிலேயே இருக்கிறது. அந்தக் கிழவரைப் பிடித்துக்கொண்டுதான் நான் இடத்தைக் கண்டுபிடிக்கிறேன்.

இந்தக் கதையெல்லாம் என் மகளிடம் அளந்துகொண்டிருந்தேன், அந்தக் காலத்தில் நாங்கள் எப்படி, இந்தக் காலத்தில் நீங்கள் எப்படி என்கிற பாணியில். அவளுக்கு 22 வயது. பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைபேசியைத் திறந்து தன் தோழி ஒருத்தியின் ஸ்டேட்டஸைக் காட்டினாள். பஸ் ஜன்னல், வெளியே மழை, பின்னால் ஒரு பாட்டிலிருந்து 15 விநாடி. "அப்பா, ஒரு பாட்டுல எந்தப் பதினஞ்சு செகண்டுன்னு செலக்ட் பண்றதுக்கு நாங்க எவ்வளவு நேரம் எடுத்துப்போம் தெரியுமா? நீங்க எடம் எடம்னு சொல்றீங்களே, அதத்தான் நாங்க வெட்டி வைக்கிறோம்."

எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. அவள் சொன்னது சரி. நாங்கள் வாரக்கணக்கில் சொல்லால் சுற்றிச் சுற்றிக் காட்டுகிற மூலையை அந்தப் பிள்ளைகள் விரலால் இழுத்து, துல்லியமாக நறுக்கி ஊருக்கே வைக்கிறார்கள். ஆனாலும் சும்மா விட மனசு வரவில்லை. வெட்டி எடுத்து வைத்தால் அது இடம் ஆகுமா, மூன்று நிமிஷம் நடந்து போய்ச் சேர்ந்தால்தானே அது இடம் என்று கேட்டேன். "உங்க கேசட்டும் பாதியிலருந்துதானே ஓடும்?" என்றாள். கேசட் விவகாரத்தை இவளிடம் சொன்னதே தப்பு. பிறகு காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்பட்டைக் கழற்றி நீட்டினாள். அந்த 15 விநாடிக்கு முன்னாலிருந்து, முதலிலிருந்து போட்டாள். அவள் இடம் வரும்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைக் கவனித்தேன். அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது. பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முகத்தை நன்றாகவே வைத்துக்கொண்டேன்.

அவளிடமே இந்த வாரத்துச் சிக்கலைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த முணுமுணுப்பு எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. சார் இரண்டு ராகம் சொல்லிவிட்டு இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அண்ணை இது பாட்டே இல்லை, இரும்புக் கட்டில் கிறீச்சிடுவது என்றார். முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடித்துத் தருகிற வசதி கூகுளில் இருக்கிறதாம். மகள் குரல்பதிவைப் போட்டுக் காட்டினாள். முதல் தடவை ஏதோ பஞ்சாபிப் பாட்டு. இரண்டாம் தடவை ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றின் முகப்பு இசை. மூன்றாம் தடவை எதுவும் பொருந்தவில்லை என்றது. அதுதான் கொஞ்சம் நாணயமான பதில்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் போட்டு, "விடையைச் சொல்லுடா, தாங்கல" என்றேன்.

"எனக்கும் தெரியலயே மாப்ள. அதாம்லே கேட்டேன்" என்றான்.

சிக்கிக்கொண்டது அவன் மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது நாலு பேரும் சிக்கியாகிவிட்டது. புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஷட்டர் ஏறுகிற சத்தம். அதன் முடிவில் அவன் முணுமுணுக்க ஆரம்பிக்கிறான். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைத் தாண்டி, முணுமுணுப்பிலிருந்துதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்னொரு தடவை போட்டேன். கடகடவென்று ஏறுகிறது ஷட்டர், அது மேலே போய் நிற்கவும் இவன் வயலினும் மேலே போய் நிற்கிறது.

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டேன். "டேய், தியேட்டர்ல படம் போடுறதுக்கு முன்னாடி திரை ஏறும்லாடா!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எம்.டி.ஆர். மாதிரி.

எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றில் விளக்கெல்லாம் அணைந்ததும் ஓர் இசைத்தட்டு போடுவார்கள். சின்னச் சின்னக் கலர் பல்பு சுற்றி எரிய, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற சிவப்புத் திரைச்சீலை கீழிருந்து மெல்லச் சுருண்டு மேலே ஏறும். தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். அது என்ன இசை, யார் வாசித்தது, எந்த நாட்டுத் தட்டு என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தியேட்டர் இடிபட்டுப் பல வருஷம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு 4 நாளைக்கு முன்னால் அவன் கடைக்குப் புது ஷட்டர் மாட்டியிருக்கிறான். பழையது மாதிரி பாதியில் சிக்காமல் ஒரே இழுப்பில் மேலே போகிறதாம். அன்றையிலிருந்துதான் இது ஓடுகிறது.

குழுவில் விஷயத்தைச் சொன்னோம். சார் உடனே மாயவரத்துத் தியேட்டரில் திரைக்குப் போட்டதை முணுமுணுத்து அனுப்பினார். அது வேறு. அண்ணை யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் போட்டதை அனுப்பினார். அது இன்னும் வேறு. பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. நானும் எங்கள் தியேட்டரை முணுமுணுத்து அனுப்பினேன். இரும்புக்கடைக்காரனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது, அது மட்டுமாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை.

"தப்பு மாப்ள. குழல் முடிஞ்ச ஒடனே ஏறிரும்."

"இல்லடா. திரை பாதி ஏறுற வரைக்கும் வயலின் கீழதான் இருக்கும்."

இரண்டு நாளாக இதே சண்டை. நேற்று ராத்திரி அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "நான் அந்தத் தியேட்டர் வாசலைக் கூடக் கண்டதில்லை. எண்டாலும் கடைக்காரத் தம்பி சொல்லுறதுதான் சரி போலக் கிடக்கு."